ஜப்பானியப் போர்க்கலைப் பயிற்சியில் வணக்கமும் ஒழுக்கமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் காலை முதல் கல்வியைப் பற்றிப் பேசினோர் பலர். இரவுப் பள்ளி, படிப்பகம், மாணவர் விடுதி, உதவித்தொகை ஆகியவை குறித்து அவர்கள் கூறியவற்றிற்கு மேல் யாம் கூறத்தக்கது ஏதுமில்லை. எமக்கு அளிக்கப்பட்ட பொருள் வேறு. சங்கக் கட்டடத்தின் மாடியில் மாலை வேளைகளில் கராத்தே வகுப்பு ஒன்று தொடங்க வேண்டும் என்று நம் இளைஞர்கள் செயற்குழுவுக்கு விண்ணப்பம் கொடுத்துள்ளனர். பெரியவர்கள் சிலர் அதற்கு இசையவில்லை. "நம் பிள்ளைகள் கையை ஓங்கினாலும் வழக்கு, ஓங்காவிட்டாலும் வழக்கு. அடிக்கக் கற்றுக்கொடுக்கவா சங்கம் வைத்தோம்?" என்று அவர்கள் கேட்கின்றனர். இது ஒரு கேள்வி. விண்ணப்பத்தில் கையெழுத்திட மறுத்த தம்பி ஒருவர் வேறொரு கேள்வி கேட்டார்: "அங்கே போனால் செருப்பைக் கழற்ற வேண்டும், தரையில் மண்டியிட்டுத் தலையைத் தாழ்த்தி வணங்க வேண்டும் என்கிறார்களே ஐயா, நம் பாட்டன்மார் வணங்கியது போதாதா?" முதற் கேள்வியைவிட இந்த இரண்டாம் கேள்வியே எம்மை நெடுநேரம் உறங்கவிடாமல் செய்தது. அவ்விரண்டிற்கும் எம்மால் இயன்ற அளவில் விடை தேடியதன் பயனே இவ்வுரை.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்கிவிடல் வேண்டும். போர்க்கலை என்றவுடன் நம் பிள்ளைகளின் கண்முன் தோன்றுவது புரூஸ் லீயின் உருவம். அவர் பெருங்கலைஞர் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவர் பயின்றது சீன மரபு. ஜூடோவும் கராத்தேயும் கென்டோவும் ஜப்பானிய மண்ணில் உருப்பெற்றவை; அவற்றின் நடையும் முறையும் வேறு. அவ்வாறே, இக்கலைகள் யாவும் காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர் ஈந்தவை என்று மேடைதோறும் முழங்குவோரும் உளர். போதிதருமர் ஷாவோலின் மடத்தில் கைப்போர் கற்பித்தார் என்னும் கதை, அவர் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுந்த நூல்களிலிருந்து பிறந்தது. வரலாற்று அறிஞர்கள் அதனை ஏற்பதில்லை. பிறர் உழைத்து வளர்த்த கலைக்கு நாமே தந்தை என்று கூறிக்கொள்ளும் தேவை நமக்கில்லை. நம் உழைப்பைப் பிறர் தமதென்று கூறியபோது நம் நெஞ்சம் எவ்வாறு நொந்தது என்பதை நாம் மறந்துவிடவில்லை.

எனினும் உண்மையானதொரு தொடர்பு உண்டு. அஃது ஒரு சொல்லில் இருக்கிறது. பயிற்சிக் கூடத்தை ஜப்பானியர் 'தோஜோ' என்பர். நெறி பயிலும் இடம் என்பது அதன் பொருள். புத்தர் பெருமான் போதி மரத்தடியில் மெய்யறிவு பெற்ற இடத்தைக் குறிக்கும் 'போதி மண்டம்' என்னும் வடமொழிச் சொல்லைச் சீனத்தில் பெயர்த்தபோது எழுந்த சொல் அது. முதலில் பௌத்தப் பள்ளிகளில் வழங்கிப் பின்னரே போர்க்கலைக் கூடத்திற்கு வந்து சேர்ந்தது. அயோத்திதாசப் பண்டிதரையும் 1956-இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் கூட்டிய பெருங்கூட்டத்தையும் நினைவில் வைத்திருக்கும் நமக்கு இச்சொல் அயலான சொல்லாகத் தோன்றாது.

அக்கூடத்திற்குள் நுழைவோர் செய்வன யாவை? வாயிலில் காலணிகளைக் கழற்றி, அவற்றின் முனை வெளிப்புறம் நோக்கி இருக்குமாறு வரிசையாக வைப்பர். வாயிலில் நின்று கூடத்தை நோக்கி வணங்குவர். நகம் வெட்டப்பட்டிருத்தல் வேண்டும். உடை தூயதாயிருத்தல் வேண்டும். இவை பகட்டுக்காக அன்று. வெட்டாத நகம் எதிரிருப்பவரின் தோலைக் கிழிக்கும், அழுக்குடை அவருக்கு நோய் தரும். பின்னர் வரிசையில் முழந்தாளிட்டு அமர்வர். இந்த இருக்கைக்குச் 'செய்சா' என்று பெயர். இடக்காலை முதலில் மடக்கி, எழும்போது வலக்காலை முதலில் ஊன்றுவர். வாள் இடப்புறம் செருகப்பட்டிருந்த காலத்தின் வழக்கம் இது என்பர். சிறிது நேரம் கண்மூடி வாய்பேசாதிருப்பர். பின்னர்க் கூடத்தின் முகப்பை நோக்கி ஒரு வணக்கம், ஆசிரியருக்கு ஒரு வணக்கம், ஒருவருக்கொருவர் ஒரு வணக்கம். பயிற்சி தொடங்குமுன் 'அருள்கூர்ந்து எனக்கு உதவுங்கள்' என்னும் பொருள்பட ஒரு சொல்லும், முடிந்தபின் நன்றி கூறும் ஒரு சொல்லும் உண்டு. இவ்வணக்கத்தை 'ரெய்' என்பர். நம் ஊர் வகுப்புகளில் மூச்சுக்கு முந்நூறு முறை 'ஓஸ்' என்று கத்துகிறார்களே, அச்சொல் ஜப்பானில் எல்லாக் கூடங்களிலும் வழங்குவதன்று. மாணவ ஆடவர்களின் முரட்டுப் பேச்சைச் சார்ந்தது. அது கேளாத கூடங்கள் அங்கே பல.

இனித் தம்பியின் கேள்விக்கு வருவோம். நம் பாட்டன்மார் வணங்கியது எத்தகைய வணக்கம்? மேல்சாதியார் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, உடலைக் குறுக்கிக்கொண்டு சென்றனர். அவர்கள் வணங்கினர், வணங்கப்பட்டவர் தலையைக்கூட அசைக்கவில்லை. அது ஒருவழி வணக்கம். தோஜோவில் செருப்பைக் கழற்றுவோர் யாவர்? அனைவரும். ஆசிரியரும் கழற்றுகிறார், அமைச்சரின் மகனும் கழற்றுகிறான், தோட்டியின் மகனும் கழற்றுகிறான். மாணவன் தலை தாழ்த்தும்போது ஆசிரியரும் தலை தாழ்த்துகிறார். கருப்புப் பட்டை அணிந்தவர், நேற்றுச் சேர்ந்த சிறுவனோடு கை கலக்குமுன் அவனுக்கு முன்னால் நின்று வணங்குகிறார். வென்றவரும் வணங்குகிறார், தோற்றவரும் வணங்குகிறார். திருப்பித் தரப்படும் வணக்கமே ரெய். திருப்பித் தரப்படாதது அடிமைக் குறி. இவ்வேறுபாட்டை நம் பிள்ளைகள் உணர்ந்துவிடுவார்களாயின், ஓர் அலுவலகத்திலோ கல்லூரியிலோ தமக்கு வரும் மரியாதை எத்தகையது, தம்மிடம் கேட்கப்படும் மரியாதை எத்தகையது என்று நிறுத்துப் பார்க்கும் ஒரு துலாக்கோல் அவர்கள் கைக்கு வந்துவிடும்.

தரை துடைத்தலும் அத்தகையதே. பயிற்சிக்கு முன்னோ பின்னோ ஈரத் துணியைத் தரையில் வைத்து, இரு கைகளாலும் அழுத்தி, குனிந்தவாறே ஓடிக் கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை துடைத்தல் பல தோஜோக்களில் நாள்தோறும் நிகழ்வது. தூய்மைப் பணியைப் பிறப்பின் பெயரால் நம் தலையில் கட்டிய நாட்டில் பிறந்தவர்கள் நாம். துடைப்பத்தைக் கண்டாலே நம் இளைஞர்க்குக் கசப்பு எழுவது இயல்பு. ஆயின் யார் துடைக்கிறார்கள் என்பதே கேள்வி. மருத்துவரின் மகனும் துடைத்தால் அது பயிற்சி. நம் பிள்ளை மட்டும் துடைத்தால் அது பழைய கதை. சங்கத்து வகுப்பில் இது ஒன்றை மட்டும் கண்காணித்தால்கூடப் போதும். வகுப்பு நல்வழியில் செல்கிறதா, தீவழியில் செல்கிறதா என்பது விளங்கிவிடும்.

இவ்வொழுக்கங்களை இன்றைய வடிவில் நிலைநிறுத்தியவருள் முதன்மையானவர் ஜிகோரோ கானோ. 1860-இல் பிறந்து 1938-இல் மறைந்தவர். அவர் போர்வீரர் குலத்தவர் அல்லர், மல்லரும் அல்லர். உடல் மெலிந்த பள்ளிச் சிறுவனாக இருந்தபோது உடன் பயின்ற முரடர்களால் துன்புறுத்தப்பட்டவர். வலிமை குறைந்தவன் வலிமை மிக்கவனை வெல்ல ஏதேனும் வழியுண்டா என்று தேடியபோது ஜூஜுட்சு என்னும் பழங்கலையைப் பற்றிக் கேள்வியுற்றார். அக்காலத்தில் அக்கலை மதிப்பிழந்து கிடந்தது. 1876-இல் சாமுராய்கள் வாள் அணிவதே தடை செய்யப்பட்டது. பழைய ஆசான்கள் பலர் எலும்பு கட்டிப் பிழைத்து வந்தனர். ஆகவே கானோ, எலும்பு முறிவு வைத்தியர்களின் பெயர்ப் பலகைகளைத் தேடித் தெருத்தெருவாக அலைந்து ஹச்சினொசுக்கே ஃபுகுடா என்னும் ஆசிரியரைக் கண்டடைந்தார். 1882-இல், தோக்கியோவில் எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலில், பன்னிரண்டு பாய் அளவே கொண்ட ஓர் அறையில், ஒன்பது மாணவர்களோடு தம் கூடத்தைத் தொடங்கினார். அதுவே கோடோகன். இச்சங்கத்தின் முதல் இரவுப் பள்ளி எத்துணைப் பெரிய இடத்தில் நடந்தது என்பதை அறிந்த பெரியோர்கள் இங்கு முறுவலிப்பதை யாம் காண்கிறோம்.

கானோ தொழிலால் ஆசிரியர். தோக்கியோ உயர்நிலை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை இருபது ஆண்டுகளுக்கு மேல் வகித்தவர். 1909-இல் அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினரானார். சீனத்திலிருந்து வந்த மாணவர்களுக்காகவும் ஒரு பள்ளி நடத்தினார். பின்னாளில் பெரும் எழுத்தாளரான லூ சுன் அங்கே பயின்றவர். ஜூடோ என்பது அவருக்குச் சண்டையன்று, கல்வியின் ஒரு பிரிவு. பிறப்பால் வந்த தகுதியை ஒதுக்கி, கற்ற அளவுக்கு ஏற்பப் படி உயர்த்தும் முறையை 1883-இல் ஏற்படுத்தினார். இன்று உலகெங்கும் காணும் கருப்புப் பட்டையின் வேர் அங்கே உள்ளது. உடையும் ஒன்றே, வெண்மையான பருத்தி உடை. பட்டும் குலச்சின்னமும் வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டன.

கோடோகனில் முதற்பாடம் யாது தெரியுமா? எதிரியை வீழ்த்துவதன்று, தான் விழுவது. 'உகெமி' என்பது அதன் பெயர். முதுகை வளைத்து, மோவாயை மார்போடு ஒட்டி, கையால் பாயை அறைந்து, தலை தரையில் படாமல் விழுவதற்குப் பல வாரங்கள் பழகுவர். அதற்குப் பின்னரே எறிதல். எறிகின்றவருக்கும் ஒரு கடமை உண்டு. உடன் பயில்பவர் தம் உடலையே கடனாகக் கொடுத்திருக்கிறார். ஆகவே அவரது சட்டைக் கையை விடாது பிடித்து, அவர் நேராக விழுமாறு இறக்கிவைத்தல் வேண்டும். கழுத்தை நெரிக்கும் பிடியும் கைமூட்டை மடக்கும் பிடியும் ஜூடோவில் உண்டு. அவற்றில் அகப்பட்டவர் தாங்க இயலாதபோது இருமுறை தட்டுவார். தட்டிய மறுகணம் பிடி தளர்ந்தாக வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் அவன் எத்துணைத் திறமையாளனாயினும் கூடத்தில் அவனோடு பயில யாரும் வரமாட்டார். 'போதும்' என்று ஒருவன் சொன்னால் நிறுத்துவது! எத்தனை எளிய அறம்! நம் மக்கள் எத்தனை முறை தரையைத் தட்டியிருப்பர். எத்தனை முறை பிடி தளர்ந்தது?

வெற்றியைத் தாங்கும் முறைக்குக் கென்டோவைக் காட்டுவோம். மூங்கில் வாள் கொண்டு பயிலும் அக்கலையில், முறைப்படி அடித்து ஒரு புள்ளி பெற்றவர் கையை உயர்த்திக் குதித்து மகிழ்ந்தால் அப்புள்ளியே செல்லாததாகிவிடும். அடித்த பின்னரும் மனம் தளராது, எதிரிருப்பவர்மீது கருத்து ஊன்றி நிற்றல் வேண்டும். இதனைச் 'சான்ஷின்' என்பர். எஞ்சி நிற்கும் உள்ளம் என்று கூறலாம். அது இல்லையேல் அடி அடியாகாது. விளையாட்டுத் திடலில் வென்றவர் சட்டையைக் கழற்றிச் சுழற்றும் இந்நாளில் இது வியப்பாகவே தோன்றும்.

1964-இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது. எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில், ஜப்பானிய வீரர் அகியோ கமினாகாவை நெதர்லாந்து நாட்டின் ஆன்டன் கீசிங்க் தரையோடு அழுத்திப் பிடித்து வென்றார். கலை பிறந்த நாட்டில், அந்நாட்டவர் கண்முன்னே, அயலார் ஒருவர் வென்றுவிட்டார். அரங்கம் உறைந்து நின்றது. கீசிங்கின் நாட்டவர் சிலர் மகிழ்ச்சி மிகுதியால் போட்டிப் பாயை நோக்கி ஓடிவந்தனர். கீசிங்க் எழுந்திராமலே கையை நீட்டி அவர்களைத் தடுத்துவிட்டார். பின்னர் எழுந்து, உடையைச் சரிசெய்து, தோற்றவருக்கு வணக்கம் செலுத்தினார். ஜப்பானியர் அவ்வெற்றியை மறந்தாலும் அந்தக் கையசைவை மறக்கவில்லை. ஒழுக்கம் குருதியில் வருவதன்று, பயின்றால் எந்நாட்டவர்க்கும் வரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எமக்குத் தெரியவில்லை.

பெரியவர்களின் கேள்விக்கு விடை கராத்தேயில் உள்ளது. கராத்தே ஒக்கினாவாத் தீவில் வளர்ந்தது. அத்தீவு தனி அரசாக இருந்து 1879-இல் ஜப்பானோடு இணைக்கப்பட்டது. அம்மக்களும் தலைநிலத்தாரால் தாழ்வாகக் கருதப்பட்டவரே. கராத்தேயைத் தலைநிலத்தில் பரப்பியவர் கிச்சின் ஃபுனகோஷி; அவரும் பள்ளி ஆசிரியர். முதல் அடி நம்முடையதாக இருத்தல் கூடாது என்பது அவர் வலியுறுத்திய நெறி. அவர் தம் இளமையில் நிகழ்ந்த ஒன்றைத் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிந்துள்ளார். மாமனாரின் நினைவுப் படையலுக்கெனப் பணியாரம் வாங்கிக்கொண்டு இரவில் தனியே செல்கையில் இருவர் வழிமறித்தனர். அவர்களை வீழ்த்தும் ஆற்றல் அவருக்கு இருந்தது. ஆயினும் பணியாரத்தைக் கொடுத்துவிட்டு நடந்தார். இதனைக் கேட்ட அவருடைய ஆசிரியர்களுள் ஒருவரான இதொசு, தாம் கற்பித்தது வீண்போகவில்லை என்று மகிழ்ந்தாராம். மற்றோர் ஆசிரியரான அசாட்டோ, அப்படியாயின் படையலுக்கு என்ன வைத்தாய் என்று சிரித்துக்கொண்டே வினவினாராம். ஒன்றுமில்லாததால் உள்ளன்போடு வேண்டுதல் மட்டும் செய்தேன் என்றாராம் ஃபுனகோஷி.

இக்கதையை எதற்கும் பணிந்து போ என்று பொருள் கொள்ளல் கூடாது. பணியாரத்தைக் கொடுக்கலாம், மானத்தையும் உயிரையும் கொடுக்க வேண்டும் என்று அவர் கூறவில்லை. நம் நாட்டுச் சட்டமும் தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ளும் உரிமையை ஏற்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்த அவ்வுரிமை, 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் உண்டு. தேவைக்கு மேல் தீங்கு செய்தல் ஆகாது என்பதே அதன் எல்லை. எங்கே நிறுத்துவது என்று அறிந்த கை, அறியாத கையைவிட வழக்கில் சிக்குவது குறைவாகவே இருக்கும். பெரியவர்கள் இதனைக் கருதிப் பார்க்க வேண்டுகிறோம்.

இதுவரை கூறியவை நாணயத்தின் ஒரு பக்கம். இத்துடன் நிறுத்திவிட்டால் யாம் உங்களுக்கு உண்மையுள்ளவர் ஆகமாட்டோம்.

தோஜோவில் மரியாதையோடு மடித்து வைக்கப்படும் அந்தப் போர்க் கவசத்தைச் செய்தவர் யார்? கென்டோக் கவசத்தில் தோல் உண்டு. மூங்கில் வாளின் முனையிலும் பிடியிலும் தோல் உண்டு. பயிற்சியின் தொடக்கத்தை அறிவிக்கும் முரசில் மாட்டுத் தோல் உண்டு. பழைய சாமுராயின் கவசத்திற்கும் சேணத்திற்கும் தோல் இன்றியமையாதது. ஆதலால் கோட்டைத் தலைவர்கள் தோல் தொழிலாளரைத் தம் நகரங்களின் ஓரத்தில் குடியமர்த்தினர். அவர்களிடம் தோலைப் பெற்றுக்கொண்டனர், அவர்களைத் தீண்டவில்லை. ஆம், ஜப்பானிலும் தீண்டாமை இருந்தது. 'மிகுந்த அழுக்கு' என்று பொருள்படும் எழுத்துகளால் ஒரு பிரிவினரின் பெயரை எழுதினர். மற்றொரு பிரிவினரை 'மனிதர் அல்லாதார்' என்றே அழைத்தனர். சாவு, தோல், குருதி ஆகியவற்றோடு தொடர்புடைய தொழில்கள் தீட்டு என்ற எண்ணமே இதற்கு வேர். 1588-இல் ஹிதெயோஷி உழவர்களின் படைக்கலங்களைப் பறித்த பின்னர் வாள் ஏந்தும் உரிமை ஒரு குலத்தின் சொத்தாகியது. அக்குலத்தின் ஒழுக்கம் எத்துணை உயர்ந்ததாகப் பாடப்பட்டாலும், தன் கவசத்தைத் தைத்தவனுக்கு அது ஒரு வணக்கம்கூடத் திருப்பித் தரவில்லை.

1871-இல் மெய்ஜி அரசு இத்தாழ்வுப் பெயர்களைச் சட்டத்தால் ஒழித்தது. நடந்தது என்ன? எதிர்ப்புக் கலகங்கள் எழுந்தன. 1873-இல் மிமாசாகாப் பகுதியில் அம்மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன, பலர் கொல்லப்பட்டனர். வெண்மணியை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. புராக்கு மக்கள் என்று பின்னர் வழங்கப்பட்ட அவர்கள், 1922 மார்ச் 3-ஆம் நாள் கியோட்டோ நகரில் கூடிச் 'சுய்ஹெய்ஷா' என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். நீரின் மட்டம்போல் சமமாதல் என்பது அப்பெயரின் கருத்து. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கானோ, தாமும் பிறரும் சேர்ந்து செழித்தல் என்னும் தம் கொள்கையை உலகுக்கு அறிவித்ததும் அதே 1922. ஃபுனகோஷி தோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டியதும் அதே 1922. ஒரே ஆண்டில், ஒரே நாட்டில், கூடத்துக்குள் ஒரு சமத்துவமும் கூடத்துக்கு வெளியே சமத்துவத்திற்கான ஒரு போரும்! முன்னதைப் பற்றி நூறு நூல்கள் உள்ளன; பின்னதைப் பற்றி நம் கராத்தே ஆசிரியர்களுள் எத்தனை பேர் கேள்வியுற்றிருப்பர்?

ஐந்தாண்டுகள் கழித்து, 1927-இல், நகோயாவில் நடந்த படை அணிவகுப்பில் தைசாக்கு கிதஹாரா என்னும் புராக்குப் படைவீரர் வரிசையை விட்டு முன்வந்து, படைக்குள் தம் மக்களுக்கு இழைக்கப்படும் இழிவைக் கூறும் விண்ணப்பத்தைப் பேரரசரிடமே நீட்டினார். அவருக்குக் கிடைத்தது சிறை. அணிவகுப்பின் ஒழுங்கைக் குலைத்தார் என்று அவரைக் குறை கூறியோர் இருந்திருப்பர். எந்த ஒழுங்கு காக்கத்தக்கது, எது குலைக்கத்தக்கது என்பதை அறிவதும் ஒழுக்கத்தின் பகுதியே என்று யாம் கருதுகிறோம்.

தோல் தொழில் செய்த அவ்வூர்களின் பெயர்களை யாம் வேண்டுமென்றே கூறாது விடுகிறோம். அம்மக்களின் குடியிருப்புப் பெயர்களைத் தொகுத்த பட்டியல்கள் இரகசியமாக விற்கப்பட்டதும், அவற்றை நிறுவனங்கள் வாங்கி வேலை கேட்டு வருவோரின் பிறப்பை ஆராயப் பயன்படுத்தியதும் 1975-இல் அம்பலமாயின. 'எந்த ஊர், எந்தத் தெரு?' என்னும் கேள்வியின் உள்நோக்கத்தை நாமும் அறிவோம் அல்லவா? ஆயினும் தாமே தலைநிமிர்ந்து பெயர் கூறியோரும் உளர். ஒசாக்காவில் முரசு செய்வோர் பகுதியைச் சேர்ந்த இளைஞர்கள் 1980களில் தாமே முரசு முழக்கும் குழு ஒன்றை அமைத்து, அதற்கு 'இகாரி' என்று பெயரிட்டனர். சினம் என்பது பொருள். பறையை மீட்டெடுத்த நம் பிள்ளைகளுக்கு இவர்கள் உடன்பிறந்தார். புராக்கு மக்களின் விடுதலைக் கழகம் முன்நின்று 1988-இல் உருவாக்கிய பன்னாட்டு இயக்கத்தின் வழியே, நம் மக்களின் துயரும் ஐக்கிய நாடுகள் அவையில் எடுத்துரைக்கப்பட்டுள்ளது.

தீட்டு என்னும் நஞ்சு இன்னும் முற்றும் வடிந்துவிடவில்லை. சுமோ மல்யுத்த மேடையில் பெண்கள் ஏறலாகாது என்பது மரபு. 2018 ஏப்பிரலில் மைசுரு நகரில் சுமோ மேடையில் உரையாற்றிக்கொண்டிருந்த நகரத் தலைவர் மயங்கி வீழ்ந்தார். கூட்டத்திலிருந்த பெண்கள் ஓடிச்சென்று அவர் நெஞ்சை அழுத்தி உயிர்காக்க முயன்றனர். ஒலிபெருக்கியில் வந்த குரல், பெண்கள் மேடையை விட்டு இறங்குமாறு கூறியது. பின்னர்ச் சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஆயினும் விதி மாறவில்லை. ஜூடோவிலும் பெண்களுக்கு நேர்ந்தது சிறிதன்று. கானோவின் ஆசிரியரின் பெயர்த்தி கெய்கோ ஃபுகுடா, 1913-இல் பிறந்தவர். பெண்ணுக்கு ஐந்தாம் படிக்கு மேல் இல்லை என்ற தடையால் பல ஆண்டுகள் அதே படியில் நிறுத்தப்பட்டார். அமெரிக்கா சென்று கற்பித்தார்; மணம் புரியாமல் கலைக்கே வாழ்ந்தார். 2011-இல், தம் 98-ஆம் அகவையில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாம் படி வழங்கியது. இரண்டாண்டுகளில் மறைந்தார். தகுதியால் படி என்று எழுதி வைத்தவர்களே ஒரு பாதி மக்களுக்கு ஏணியின் மேற்படிகளை எடுத்துவிட்டனர். நம் மாடியில் வகுப்பு நடக்குமாயின், பெண் பிள்ளைகளுக்கு எந்த நேரம் ஒதுக்கப்படும் என்பதை முதல் நாளே கேட்க வேண்டியவர்கள் இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களே.

மூத்தவர், இளையவர் என்னும் வரிசைமுறை அன்பாகவும் அமையும், கொடுமையாகவும் மாறும். 2012-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானியத் தேசிய மகளிர் ஜூடோ அணியைச் சேர்ந்த 15 வீராங்கனைகள், பயிற்சியாளர்கள் தங்களை அடித்தனர், இழித்துரைத்தனர் என்று முறையிட்டனர். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தலைமைப் பயிற்சியாளர் பதவி விலகினார். அதற்கும் முன்னர், 1983-க்கும் 2011-க்கும் இடையே, ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோ பயில்கையில் இறந்த பிள்ளைகள் நூற்றுக்கு மேற்பட்டோர் என்ற கணக்கு வெளியாகி நாட்டையே உலுக்கியது. பலருக்குத் தலையில் அடி. விழக் கற்றுக்கொடுக்குமுன் எறிந்தனர். களைத்தவனைச் சோம்பேறி என்று மேலும் எறிந்தனர். கானோவின் முதற்பாடத்தை மறந்ததன் விலை அது. 2022-இல் அந்நாட்டு ஜூடோ சங்கம், தொடக்கப் பள்ளிச் சிறுவர்களுக்கான தேசியத் தனிநபர்ப் போட்டியையே கைவிட்டது. வெற்றி ஒன்றே குறியாகிப் பெற்றோரும் பயிற்சியாளரும் பிள்ளைகளை வதைத்ததே காரணம். தன் தவற்றை ஒப்புக்கொண்டு போட்டியை நிறுத்தும் துணிவையும் ரெய் என்றே அழைக்கலாம்.

போர்க்காலத்தில் இக்கலைகள் படைவெறிக்குத் துணைபோனதையும், 1945-க்குப் பின்னர்ப் பள்ளிகளில் தடை செய்யப்பட்டுச் சில ஆண்டுகள் கழித்தே திரும்பியதையும் கூறி மேற்செல்வோம்.

ஆகவே செயற்குழுவுக்கு எம் கருத்து இது: வகுப்பைத் தொடங்குங்கள். ஆனால் ஆசிரியரைத் தேடும்போது அவர் சுவரில் எத்தனை சான்றிதழ்கள் தொங்குகின்றன என்று எண்ண வேண்டா. அவர் வகுப்புக்குச் சொல்லாமல் ஒரு நாள் செல்லுங்கள். மாணவன் வணங்கும்போது அவர் தலை தாழ்கிறதா என்று பாருங்கள். தரை துடைக்கும் துணி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். தட்டியவுடன் பிடி தளர்கிறதா என்று பாருங்கள். சேரவரும் சிறுவனிடம் அவர் ஊரையும் தெருவையும் கேட்கிறாரா என்பதையும் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள்.

இன்னொன்று. மாடித்தளம் சிமெண்டுத் தரை. அதில் விழப் பழகுதல் ஆகாது. விரிப்புகள் வாங்கியாக வேண்டும். கானோவுக்கு இருந்தது பன்னிரண்டு பாய். நமக்கும் தொடக்கத்தில் பன்னிரண்டு போதும் என்று தோன்றுகிறது. ஒன்றன் விலையை எம் பங்காகப் பொருளாளரிடம் இப்போதே கொடுத்துச் செல்கிறோம். எஞ்சிய பதினொன்று உங்கள் பொறுப்பு.